அம்மா தட்டில் நடந்த "திருட்டு"! துப்பு துலக்கிய கல்லூரி மாணவி

நர்ஸ் படிப்பு கிடைக்காமல் அழுதுகொண்டே சேர்ந்தவர். இன்று தராசும் கையுமாகத் தெருவைச் சுற்றுகிறார்

"பிளாஸ்டிக் அரிசி" மர்மமும் உடைந்தது

சென்னை —

நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்காமல், வேறு வழி இன்றி ஊட்டச்சத்துப் படிப்பில் சேர்ந்த வியாசர்பாடி மாணவி ஒருவர், அதே படிப்பின் மூலம் தன் தாயாருக்கு ரத்தச் சோகை இருப்பதைக் கண்டுபிடித்தார். முதல் வருடம் முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனவர், இப்போது "மேல் படிப்பும் இதேதான்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

மாணவிக்கு வயது 20. அரசு கலைக் கல்லூரி ஒன்றில் 3-ம் ஆண்டு படிக்கிறார்.

"என் பேரு, காலேஜ் பேரு எதுவும் போடாதீங்க சார். எங்க தெருவுல 14 வீட்டு சோத்துக் கணக்கு என்கிட்ட இருக்கு. பேரு தெரிஞ்சா யாரும் கதவு தொறக்க மாட்டாங்க" என்றார் சிரித்தபடி.

மூட்டை தூக்கும் தகப்பனார்

தகப்பனார் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி. நள்ளிரவு 2 மணிக்குப் போனால் பகல் 12 மணிக்குத்தான் வீடு திரும்புவார். தாயார் அண்ணா நகரில் 4 வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். தம்பி 10-வது படிக்கிறான். கூடவே ஆயா. ஓர் அறையும் சமையல் கட்டும்தான் வீடு.

பிளஸ் 2 முடித்ததும் மாணவிக்கு நர்ஸ் ஆகவேண்டும் என்று கொள்ளை ஆசை. மார்க் எட்டவில்லை. தனியாரில் சேர்க்கப் பணம் இல்லை. அரசு கலைக் கல்லூரி கலந்தாய்வில் இவர் முறை வருவதற்குள் பல பாடங்களில் இடம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்ததில் ஒன்று பி.எஸ்சி. நியூட்ரிஷன். அதாவது, எந்தச் சாப்பாட்டில் என்ன சத்து, யாருக்கு எவ்வளவு தேவை என்று கற்றுக்கொடுக்கும் படிப்பு.

அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆயா கேட்ட முதல் கேள்வி இது:

"சோறு ஆக்கறதுக்கு ஒரு காலேஜா கண்ணு? அத நானே சொல்லிக் குடுத்திருப்பேனே!"

தெருவிலும் கேலிதான். "சமையல் காலேஜ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். தகப்பனாரோ, "3 வருசம் படிச்சு என்னா ஆவப்போவுது? தி.நகர் துணிக்கடையில சேந்தா மாசம் சம்பளம் வரும்" என்று அவ்வப்போது சொல்லிக் காட்டுவார்.

முதல் வருடம் மாணவிக்கும் பிடிக்கவில்லை. கேரட்டைத் துருவி 100 கிராம் நிறுத்து வைப்பது, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கஞ்சி காய்ச்சுவது என்று நாள் ஓடியது. ஒரு பாடத்தில் பெயிலும் ஆனார்.

பச்சை அரிசி தந்த துப்பு

2-ம் ஆண்டில் ஒருநாள். பேராசிரியை ரத்தச் சோகை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால், சிலருக்குச் சாப்பாடு அல்லாத பொருள் மேல் ஆசை வரும். மண், சாம்பல், ஐஸ் கட்டி, பச்சை அரிசி இதையெல்லாம் மெல்லத் தோன்றும்" என்றார்.

கடைசி பெஞ்சில் இருந்த மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கம்மா முறத்துல அரிசி பொடைக்கும்போதே ஒரு புடி வாயில போட்டுக்கும் சார். டப்பாவுல இருந்தும் அள்ளி மெல்லும். சின்ன வயசுல இருந்து பாக்கறேன். அது ஒரு பழக்கம்னுதான் நெனச்சேன். நோவுன்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கு பாடத்துல அம்மா வந்து நின்ன மாதிரி இருந்துச்சு" என்றார் மாணவி.

வேறு அடையாளங்களையும் பேராசிரியை வரிசையாகச் சொன்னார். படி ஏறினால் மூச்சு வாங்கும். தலை சுற்றும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு இல்லாமல் வெளுத்து இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அத்தனையும் தாயாருக்குப் பொருந்தியது. வேலைக்குப் போகும் வீடுகளில் ஒன்று 3-வது மாடி. "நடுவுல ஒரு தபா உக்காந்துட்டுத்தான் ஏறுவேன் தம்பி. வயசாவுதுன்னு நெனச்சிக்கினேன்" என்கிறார் அந்தத் தாயார். வயது 41.

தராசு வந்தது

அந்த மாதமே ஒரு வேலை கொடுத்தார்கள். குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 3 நாள் அவர் சாப்பிடும் ஒவ்வொன்றையும் எடை போட்டுக் கணக்கு எழுதவேண்டும். மற்ற மாணவிகள் தங்கள் கணக்கையே எழுதினார்கள். இவர் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார். கல்லூரியில் சின்ன தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தார்.

விடியற்காலை 5 மணிக்கு எழுந்து டீயை அளந்தார். பகலில் வேலை செய்யும் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று மாலையில் கேட்டு எழுதினார். ராத்திரி சட்டியில் மிச்சம் இருந்த சோற்றை நிறுத்தார்.

நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஒருநாள் கணக்கு இது:

காலை 5.15 — டீ.

8.30 — வேலை செய்யும் வீட்டில் டீ, பிஸ்கெட் 2.

11.00 — இட்லி 2, அதோடு டீ.

பகல் 3.00 — சோறு, அடியில் நின்ற குழம்பு. கறிகாய் தீர்ந்துவிட்டது. சாப்பிட்ட கையோடு டீ.

6.00 — டீ.

இரவு 9.45 — மிச்ச சோறு, ரசம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப் புத்தகம் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. 528 வகை உணவுப் பொருள்களில் என்னென்ன சத்து என்று அதில் போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு மாணவி இரவு முழுக்கக் கூட்டிப் பார்த்தார்.

அந்த நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லி கிராம் இரும்புச் சத்து வேண்டும். தாயார் தட்டில் விழுந்தது 7 கூட இல்லை. புரதம் 46 கிராம் வேண்டும். விழுந்தது 34. உடல் உழைப்பு உள்ள பெண்ணுக்கு 2,130 கலோரி வேண்டும். விழுந்தது 1,440. அதிலும் கால்வாசி டீயும் சர்க்கரையும்.

"திருடர்கள்" யார்?

"வீட்டுல சாமான் வாங்காம இல்ல சார். பருப்பு வாங்கறோம், முட்டை வாங்கறோம், கருவாடு வாங்கறோம். அதெல்லாம் எங்க போவுதுன்னு தேடுனேன். போலீஸ் மாதிரி ஒவ்வொண்ணா புடிச்சேன்" என்றார் மாணவி.

பிடிபட்டவர்கள் 4 பேர்.

முதலாவது முட்டை. தினம் 3 முட்டை அவிப்பார்கள். தகப்பனாருக்கு ஒன்று. தம்பிக்கு ஒன்று. 3-வது?

மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மூணாவது முட்டைய தின்னது நான்தான் சார். 'காலேஜ் போற புள்ள'ன்னு அம்மாவே வைக்கும். அதுக்கு எங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. நோட்டுல எங்கம்மா பேருக்கு நேரா சைபர்னு எழுதும்போதுதான் உறைச்சுது."

2-வது டீ. சாப்பாட்டோடு டீ குடித்தால், அந்தச் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் ஒட்டாமல் போய்விடும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே போனதே 7. அதிலும் டீ பங்கு கேட்டது.

3-வது பந்தி வரிசை. ஆம்பிளைகள் முதலில், பிள்ளைகள் அடுத்து, ஆயா பிறகு, தாயார் கடைசி. குழம்பில் உள்ள பருப்பும் காயும் மேலே இருக்கும்போதே காலியாகிவிடும்.

4-வதுதான் தெருவையே கலக்கியது.

"பிளாஸ்டிக் அரிசி" மர்மம்

ரேஷன் அரிசியில் ஆங்காங்கே கொஞ்சம் நிறம் மாறிய அரிசி இருக்கும். சில சமயம் தண்ணீரில் போட்டால் மிதக்கும். "பிளாஸ்டிக் கலந்துட்டானுங்க" என்று தெருவில் புரளி. ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணி மணியாகப் பொறுக்கிக் குப்பையில் போடுவார். பக்கத்து வீடுகளிலும் அப்படியே.

அது பிளாஸ்டிக் அல்ல. செறிவூட்டிய அரிசி. அரிசியை மாவாக்கி, இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி-12 வைட்டமின் சேர்த்துப் பிசைந்து, எந்திரத்தில் மறுபடி அரிசி போலவே பிழிந்து எடுப்பது. 100-க்கு 1 என்ற கணக்கில் சாதா அரிசியோடு கலப்பார்கள். 2023-ம் ஆண்டில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் இந்த அரிசி வரத் தொடங்கியது. விதிப்படி கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லி கிராம் வரை இரும்பு இருக்கவேண்டும்.

"எங்கம்மா சாப்பிடற அரிசிக்கு அதுலயே 7 மில்லி கிராமுக்கு மேல கெடைச்சிருக்கும் சார். அத்தனையும் முறத்துல இருந்து குப்பைக்குப் போச்சு. ஆயாவைத் திட்ட முடியுமா? யாரும் வந்து சொல்லலியே!" என்கிறார் மாணவி.

தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசி பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்றும் அவர் சொன்னார்.

ரத்தம் 8.4

நோட்டுப் புத்தகத்தோடு தாயாரை இழுத்துக்கொண்டு மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார் மாணவி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தச் சோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தச் சோகை. தாயார் அந்தக் கோட்டுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார்.

மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா என்று டாக்டர் விசாரித்தார். பூச்சி மாத்திரை கொடுத்தார். இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். "தினம் விடாமல் போடணும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

தாயார் 4 நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார். வயிற்றைப் புரட்டுகிறதாம். மலம் கருப்பாகப் போகிறதாம். பயந்துவிட்டார்.

இங்கேயும் படிப்புதான் கை கொடுத்தது. "கருப்பா போறது சகஜம், பயப்படாதேம்மா" என்று மாணவி தைரியம் சொன்னார். டாக்டரிடம் மறுபடி கேட்டு, சாப்பாட்டுக்குப் பின் போட வைத்தார். மாத்திரையோடு டீயும் பாலும் கூடாது, எலுமிச்சைச் சாறு நல்லது என்று ஏற்பாடு செய்தார்.

3 மாதம் கழித்துப் பரிசோதனை. 11.1! மாத்திரை இன்னும் தொடர்கிறது. உடம்பில் இரும்பு இருப்பு சேரும்வரை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லி இருக்கிறார்.

"இப்ப அரிசி மெல்ற ஆசை போயே போச்சு தம்பி. அதான் எனக்கே ஆச்சரியம்" என்கிறார் தாயார். 3-வது மாடிக்கு இப்போது உட்காராமல் ஏறுகிறார்.

பீட்ரூட்டுக்கு வேட்டு

வீட்டில் புதிதாகச் செலவு எதுவும் இல்லை என்பதுதான் முக்கியம். டீயைச் சாப்பாட்டில் இருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். வாரம் 3 நாள் கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் இரும்பு 1 மில்லி கிராம் கூட இல்லை. கம்பில் 6-க்கு மேல். கேழ்வரகில் 4-க்கு மேல்; அதோடு சுண்ணாம்புச் சத்து 360 மில்லி கிராமுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்தால் ஈரல் தாயாருக்கு. சோற்றோடு கொஞ்சம் மீனோ கறியோ சேர்ந்தால், மற்ற உணவில் உள்ள இரும்பும் நன்றாக ஒட்டும்.

தகப்பனார் மார்க்கெட்டில் இருந்து கீரைக்கட்டு கொண்டு வருகிறார். துணிக்கடைப் பேச்சை எடுப்பதே இல்லை. "கூட ஒரு முட்டை வாங்க எனக்கு என்னா தம்பி கஷ்டம்? அவ சொல்லவே இல்ல. நானும் பாக்கல" என்றார்.

ஆயாதான் கடைசி வரை மசியவில்லை. "பொம்பள முன்னாடி தின்னா வூடு வெளங்குமா?" என்றார். இப்போது சமாதானம் ஏற்பட்டு, ராத்திரி 5 பேரும் ஒன்றாக உட்காருகிறார்கள்.

"பீட்ரூட் சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். மாணவி புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். பீட்ரூட்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லி கிராம் இரும்பு இல்லை. "கலர்தான் சார் ரத்தம் மாதிரி!" என்றார்.

நோஞ்சான் "சென்னை எலி"

இவ்வளவுக்கும் நடுவில் மாணவிக்கு நூலகத்தில் ஒரு பழைய கதை கிடைத்தது. அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்கிறது.

இன்றைய ஐதராபாத் நிறுவனம் பிறந்த இடம் நம் குன்னூர். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார ராணுவ டாக்டர், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் ஆரம்பித்தார். 1958-ல்தான் ஐதராபாத்துக்கு மாறியது.

மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. ஒன்றுக்கு மராட்டியர் சாப்பாடு. ஒன்றுக்கு வங்காளிச் சாப்பாடு. இன்னொன்றுக்குச் சென்னை மாகாணத்துச் சாப்பாடு. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலி கொழுகொழு என்று வளர்ந்தது. தீட்டிய அரிசிச் சோற்றையே பெரிதும் நம்பி, பால் குறைவாகக் கிடைத்த சென்னை எலி எல்லாவற்றிலும் நோஞ்சானாக நின்றது!

அதே குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் இன்னொன்றும் கண்டது. ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்தில் "பெரிபெரி" நோய் இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதியில் அது அபூர்வம். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி-1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதுதான் காரணம்.

"புழுங்கல் அரிசி ஏழைங்க அரிசின்னு நெனப்பேன் சார். அந்த அரிசிதான் நம்மளைக் காப்பாத்தி இருக்கு. சேலத்துக்காரர் ஒருத்தர், டாக்டர் சி.கோபாலன். நம்ம சென்னை மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். அவர்தான் பின்னாடி அந்த நிறுவனத்துக்கே டைரக்டரா இருந்தாரு. 100 வயசு வரைக்கும் வாழ்ந்து 2019-லதான் காலமானாரு. அதைப் படிச்சதும் 'சமையல் காலேஜ்'னு சொன்னவங்களுக்குப் பதில் கெடைச்சுது" என்றார் மாணவி.

கமிஷன் ஆசை காட்டினார்கள்

விஷயம் தெருவில் பரவியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவி வீட்டு வாசலில் பெண்கள் கூடுகிறார்கள். 14 வீடுகளில் 3 நாள் கணக்கு எடுத்துவிட்டார். 9 வீடுகளில் வீட்டுக்காரிதான் கடைசிப் பந்தி.

வந்தவர்களை அவர் முதலில் சுகாதார நிலையத்துக்குத்தான் அனுப்புகிறார். "நான் டாக்டர் இல்ல. சர்க்கரை, பிரஷர்னு கேட்டு வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். படிப்பே இன்னும் முடியல" என்கிறார்.

ஒருநாள் ஒரு ஆசாமி வந்தார். சத்து மாவு டப்பா விற்கிறவர். "நீ சொன்னா எல்லாரும் வாங்குவாங்க. டப்பாவுக்கு இவ்வளவு கமிஷன்" என்று ஆசை காட்டினார். மாணவி டப்பாவைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்த கணக்கைப் படித்தார். முதலில் எழுதியிருந்தது சர்க்கரை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பெயில் ஆன பாடத்தை எழுதிப் பாஸ் செய்துவிட்டார். அடுத்து எம்.எஸ்சி. அதன் பிறகு அரசு ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஆகவேண்டும் என்பது திட்டம். "நர்ஸ் ஆகலியேன்னு இப்ப வருத்தமா?" என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே புடிச்சிடலாம் சார், இதுல" என்று பதில் வந்தது.

53 பேர்

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தச் சோகை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் இந்த நகரம் முன்னோடி. 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்த ஊர் இது. பிறகு காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவுத் திட்டம் என்று வந்தன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் தாய்க்கு டீதான் கதி.

பச்சை அரிசி, சாம்பல், ஐஸ் மெல்லத் தோன்றுகிறவர்கள், படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.